விற்ற கார் முறைப்பாட்டோடு திரும்பி வந்தால்: பழைய வாகனம் விற்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் கார் சேல் நடத்துபவர்களுக்கும், அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிமாருக்கும் இதை எழுதுகிறேன். வாகனத்தை எப்படி விற்பது என்று சொல்லிக்கொடுக்க ஊரில் ஆள் உண்டு. விற்ற வாகனம் சத்தம் சண்டையோடு திரும்பி வரும்போது என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்க ஆள் குறைவு.

புதியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். வந்தவர் பேசி முடிக்கும் முன்பே பதில் சொல்லிவிடுகிறார்கள். வாகனத்தின் பொனட்டைத் திறக்கும் முன்பே "அது எங்கட பிழை இல்லை" என்று வாய்விட்டுவிடுகிறார்கள். பிறகு பார்த்தால் பிழை நம்முடையதாக இருக்கும். சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியாது. அல்லது பயத்தில் "எல்லாம் செய்து தாறம்" என்று வாக்குக் கொடுத்துவிடுவார்கள். பிழை அவருடையது என்று பின்னர் தெரிந்தாலும் பின்வாங்க முடியாது. ஆகவே இந்த வேலையில் வரிசைதான் முக்கியம். முதலில் கேட்பது, அடுத்து எழுதுவது, அதன் பிறகு வாகனத்தைப் பார்ப்பது. பதில் கடைசியில்தான்.

1. முறைப்பாடு வருவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டியவை

ஒவ்வொரு வாகனத்துக்கும் தனி கோப்பு போடுங்கள். அதில் புக்கின் (வாகனப் பதிவுச் சான்றிதழின்) பிரதி, சேசிஸ் நம்பரின் படம், ஒப்படைத்த நாளில் எடுத்த மீற்றர் படம், நான்கு பக்கமும் உள்ளேயும் எடுத்த படங்கள், ஸ்கான் அறிக்கை (வாகனத்தின் கணினியில் பதிந்த பிழைகளைக் கருவியால் வாசித்து எடுப்பது) ஆகியவை இருக்க வேண்டும். ரயரின் பக்கவாட்டில் உள்ள 4 இலக்கத் திகதிக் குறியையும் படம் எடுங்கள். 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த ரயர். "புது ரயர் என்று சொன்னீங்க" என்ற வாதத்துக்கு அந்த ஒரு படம் போதும்.

ஸ்கான் எடுக்கும்போது பிழைக் குறியீடுகளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிட வேண்டாம். பெரும்பாலான ஸ்கான் கருவிகள், கடைசியாகக் குறியீடுகளை அழித்த பின் வாகனம் எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்றும் காட்டும். அந்தத் திரையையும் படம் எடுத்து வையுங்கள். இது நாம் வாகனம் வாங்கும்போதும் உதவும். புரோக்கர் கொண்டுவந்த காரில் அந்தத் தூரம் 5, 10 கிலோமீற்றர் என்று இருந்தால், யாரோ இப்போதுதான் எதையோ அழித்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

கோப்பில் மிக முக்கியமான தாள், சொல்லி விற்ற குறைகளின் பட்டியல். நமக்குத் தெரிந்த ஒவ்வொரு குறையையும் எழுதி, வாங்குபவரிடம் வாசித்துக் காட்டி, கையெழுத்து எடுக்க வேண்டும். "இடது முன் கதவு பெயின்ட் அடித்தது, ஏசி காஸ் கடந்த மாதம் நிரப்பியது, பின் ஷொக் இரண்டும் மாற்ற வேண்டும்" என்று பச்சையாக எழுதுங்கள். "சிறு குறைகள் இருக்கலாம்" என்று எழுதிய தாள் எதற்கும் உதவாது. வாங்குபவர் வாசிக்கும் மொழியில் தாள் இருக்க வேண்டும். அம்பாறை நகரத்திலிருந்தோ உகனையிலிருந்தோ வரும் சிங்கள வாடிக்கையாளரிடம் தமிழ்த் தாளில் கையெழுத்து வாங்கினால், "எனக்கு விளங்கவில்லை" என்று அவர் சொல்லும்போது நம்மிடம் பதில் இருக்காது.

குறைகளைச் சொன்னால் விலை குறையுமே என்று முதலாளிமார் பலர் தயங்குகிறார்கள். குறையத்தான் செய்யும். ஆனால் சொல்லாமல் விற்ற குறைக்கு இரண்டு மாதம் கழித்துக் கொடுக்கும் விலை அதைவிடப் பெரியது. நான் பார்த்தவரை, இந்த ஊர்களில் ஒரு வாகனத்தைப் பற்றிய கதை அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பள்ளிவாசல், கோயில், சந்தி எல்லாம் சுற்றி வந்துவிடும்.

நமது மாவட்டங்களுக்கென்று இரண்டு சோதனைகள் தனியாக உண்டு. ஒன்று வெள்ளம். 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் இங்கே வந்த வெள்ளங்களை யாரும் மறக்கவில்லை. வாங்குபவர் எல்லோருக்கும் உள்ளுக்குள் அந்தக் கேள்வி இருக்கிறது. சீற் பெல்ற்றைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், அடிப்பகுதியில் சேற்றுக் கறை நிற்கும். கார்ப்பெற்றைத் தூக்கி, சீற்றைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ற்றில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். மற்றது கடற்காற்று. கரையோரம் ஓடிய வாகனத்தின் அடிப்பாகமும், ஏசி காஸைக் குளிர்விக்கும் கண்டன்சரும் உப்பில் அரிக்கும். கண்டன்சரில் ஊசித்துளை இருக்கும்போது காஸ் அடித்து, குளிர் வருகிறது என்று காட்டி விற்பது சில இடங்களில் வழக்கமாகவே ஆகிவிட்டது. சில வாரத்தில் குளிர் நிற்கும், ஆள் வருவார். இப்படி விற்றுவிட்டு "பழைய வாகனம்தானே" என்று சொல்வதை நான் ஏமாற்று என்றுதான் சொல்வேன். கண்டன்சரை மாற்றி விற்கலாம். முடியாவிட்டால் எழுதி விற்கலாம்.

இன்னும் மூன்று ஆயத்தங்கள் தேவை. முறைப்பாட்டைக் கேட்க ஒரே ஆள் இருக்க வேண்டும். விற்றவரே அந்த ஆளாக இல்லாமல் இருப்பது நல்லது, ஏனென்றால் அவர் தன் வார்த்தையைக் காப்பாற்றத்தான் பார்ப்பார். நம் சேலுக்குச் சொந்தமில்லாத ஒரு நல்ல கராஜோடு முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு விற்பனையின் இலாபத்திலும் ஒரு பங்கை, நாம் சொன்ன உத்தரவாதக் காலம் முடியும்வரை தொடாமல் வைத்திருக்க வேண்டும். கையில் காசு இல்லாதவனால் நியாயமான முடிவைச் சொல்ல முடியாது, இழுத்தடிக்கத்தான் முடியும்.

2. வந்தவரை முதலில் உட்கார வையுங்கள்

வாசலில் நின்று பேசாதீர்கள். உள்ளே அழைத்து, கதிரை கொடுத்து, தண்ணீரோ தேத்தண்ணியோ கொடுங்கள். உபசாரத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கு நின்றுகொண்டிருப்பவன் அளவுக்குச் சத்தம் போட வராது. வாகனம் பார்க்க வந்த மற்றவர்கள் முன்னால் அவரும் தன் மரியாதையைக் காப்பாற்ற வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட மாட்டார்.

விற்கும்போது எப்படிக் கூப்பிட்டீர்களோ அப்படியே கூப்பிடுங்கள். ஏறாவூர்க்காரரை விற்கும் நாளில் "காக்கா" (இங்கே முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் சொல்) என்றும், களுவாஞ்சிக்குடிக்காரரை "அண்ணே" என்றும் அழைத்துவிட்டு, முறைப்பாட்டோடு வந்த அன்று "சேர், நீங்க சொல்றது" என்று ஆரம்பித்தால் அவருக்கு உடனே உறைக்கும்: இவன் என்னைத் தள்ளி வைக்கிறான். புதியவர்கள் பதற்றத்தில் இதைத் தெரியாமலே செய்கிறார்கள்.

கூட்டமாக வந்தால், ரசீதில் பெயர் உள்ளவர் யார் என்று கேளுங்கள். அவரையும் அவர் நம்பும் இன்னொருவரையும் மட்டும் மேசைக்கு அழைத்துவிட்டு, மற்றவர்களுக்கு வெளியே இடம் கொடுங்கள். பத்துப் பேர் இருக்கும் இடத்தில் வாங்கியவர் பேசுவதே இல்லை. வண்டியை ஓட்டியே பார்க்காத ஒரு மச்சான்தான் பேசுவார்.

"முதலாளி ஊரில் இல்லை" என்று பொய் சொல்லாதீர்கள். முதலாளியின் வாகனம் எது என்று ஊருக்கே தெரியும்.

3. அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள்

"ஓம் காக்கா, இரிங்க. நீங்க சொல்லுங்க, நான் எழுதிக் கொள்றன்." இந்த ஒரு வசனம் பாதிச் சூட்டை இறக்கிவிடும். தான் சொல்வதை ஒருவன் எழுதுகிறான் என்றால் பேசுபவர் தானாகவே நிதானித்து ஒழுங்காகச் சொல்லத் தொடங்குவார்.

இடைமறிக்காமல் முழுவதையும் கேட்ட பிறகு சில கேள்விகள் கேளுங்கள். எப்போது தொடங்கியது? வாகனம் குளிர்ந்திருக்கும்போதா, ஓடிச் சூடான பிறகா? டாஷ்போர்டில் ஏதாவது விளக்கு எரிந்ததா? நம்மிடமிருந்து எடுத்த பிறகு யாராவது கை வைத்தார்களா, எந்தக் கராஜ், என்ன செய்தார்கள்? கராஜ் பற்றிய கேள்வியைக் குற்றம் பிடிக்கும் தொனியில் கேட்டால் மறைப்பார், "பாஸ் (மெக்கானிக்) ஒருத்தர் பார்த்திருப்பாரே, அவர் என்ன சொன்னார்?" என்று கேட்டால் சொல்லிவிடுவார்.

கடைசிக் கேள்வியை அநேகர் கேட்பதே இல்லை: "நாங்க என்ன செய்து தரணும் என்று எதிர்பார்க்கிறீங்க?" இதைக் கேட்டால் காரைத் திருப்பி எடு என்பார்களோ என்று பயப்படுகிறார்கள். உண்மையில் வந்தவர் பல நேரம் நாம் பயப்படுவதைவிடக் குறைவாகத்தான் கேட்பார். ஷொக் மாற்றும் செலவில் பாதி, அல்லது புக் எப்போது வரும் என்பதற்கு ஒரு நேரான பதில். அவர் கேட்காததை நாமே முந்திக்கொண்டு கொடுக்கவும் வேண்டாம், கேட்காததை மறுத்துச் சண்டை பிடிக்கவும் வேண்டாம்.

எழுதியதை வாசித்துக் காட்டி, திகதியும் மீற்றர் எண்ணும் போட்டு, கையெழுத்து எடுத்து, அவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். நாளைக்கு முறைப்பாடு வளர்ந்துகொண்டே போகாமல் இருக்க இது உதவும்.

4. பதில் சொல்லும் முன் வாகனத்தைப் பாருங்கள், அவரோடு சேர்ந்தே

இதுதான் முழு வேலையின் நடு. அவசரப்படாதீர்கள், இங்கே செலவழிக்கும் ஒரு மணித்தியாலம் பின்னால் வரும் பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

முதலில் மீற்றரைப் படம் எடுத்து, கோப்பில் உள்ள படத்தோடு ஒப்பிடுங்கள். ஒயில், கூலன்ற் அளவு பாருங்கள். பிறகு ஸ்கான். எந்தக் குறியீட்டையும் அழிக்காதீர்கள். கராஜ் பையன்கள் பழக்கதோஷத்தில் அழித்துவிட்டு "விளக்கு அணைஞ்சிட்டு" என்பார்கள். அதோடு, பிழை எப்போது எந்த நிலையில் வந்தது என்று வாகனம் பதிந்து வைத்த விவரமும் போய்விடும். அழித்த பின் ஓடிய தூரத்தையும் பாருங்கள். நாம் கொடுத்த நாளில் ஆயிரக்கணக்கில் இருந்த எண் இப்போது 12 என்று நின்றால், இடையில் ஒருவர் கை வைத்திருக்கிறார்.

அடுத்து ஓடிப் பார்க்க வேண்டும். ஸ்டேரிங்கை அவரிடமே கொடுத்துவிட்டு நீங்கள் பக்கத்தில் இருங்கள். அவருக்குச் சத்தம் வருவது அவர் ஓட்டும் விதத்தில், அவர் ஓட்டும் பாதையில். நம் பையன் கல்லடிப் பாலம்வரை ஓட்டிவிட்டு "ஒண்டும் இல்லை" என்று சொன்னால் அவர் நம்பமாட்டார். நம்பாமல் இருப்பது நியாயமும்தான். காலையில் மட்டும் வரும் பிழை என்றால் வாகனத்தை இரவு நிறுத்தி, விடிந்ததும் அவர் முன்னால் ஸ்டார்ட் செய்யுங்கள். நல்ல தார் ரோட்டில் வராத சத்தம் படுவான்கரைக் கிறவல் ரோட்டில் வரும். அங்கே போகத்தான் வேண்டும்.

ஒரு உதாரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வகைதான் இப்போது அதிகம் வருகிறது. ஒருவர் டொயோட்டா அக்வா எடுத்திருக்கிறார். குடும்பத்தோடு கண்டிக்குப் போகும்போது, மகியங்கனை தாண்டி 18 வளைவு ஏறும் இடத்தில் ஹைபிரிட் எச்சரிக்கை வந்துவிட்டது. பற்றரி செத்துவிட்டது, செத்த பற்றரியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கொதித்துக்கொண்டு வருகிறார். ஸ்கான் போட்டால் இரண்டு விதமாக வரலாம். பி0ஏ80 என்ற குறியீடு பற்றரித் தொகுதியே பலவீனமாகிவிட்டது என்பதைக் குறிக்கும். முதல் தலைமுறை அக்வாவின் பற்றரி 7.2 வோல்ற் கொண்ட 20 அலகுகள் சேர்ந்த 144 வோல்ற் தொகுதி. பழுதான பகுதியின் வோல்ற் அளவு, பாரம் ஏறும்போது மற்றவற்றைவிடத் தெளிவாக விழும்; அதை ஸ்கான் திரையில் வாடிக்கையாளருக்கே காட்டலாம். பி0ஏ82 என்று வந்தால் கதை வேறு. பற்றரியைக் குளிர்விக்கும் விசிறி சரியாக வேலை செய்யவில்லை என்பதே அதன் பொருள்.

இப்போது பின் சீற்றைப் பாருங்கள். அக்வாவில் பற்றரி பின் சீற்றுக்கு அடியில் இருக்கிறது. அதற்குக் காற்றுப் போகும் வாய் சீற்றின் பக்கத்தில் கீழே இருக்கிறது. தடித்த சீற் கவரோ, பயணப் பையோ அந்த வாயை மூடியிருக்கும். உள்ளே விசிறியைக் கழற்றினால் தூசும் பஞ்சும் மணலும் ஒரு படையாகப் படிந்திருக்கும். சுத்தம் செய்து, கவரை வெட்டி வழிவிட்டு, மறுபடி ஓட்டிப் பார்த்தால் பல நேரம் அதோடு முடிந்துவிடும். பார்க்காமலே "பற்றரிக்கு நாங்க பொறுப்பில்லை" என்று சொல்லியிருந்தால், ஒரு சின்னச் சுத்தம் செய்யும் வேலை பெரிய வழக்காக மாறியிருக்கும். காற்று வாயைப் பற்றி விற்கும் நாளில் சொல்லாதது நம் குறை என்பதால், அந்தச் சுத்தம் செய்யும் காசை வாங்காமல் விடுவதுதான் சரி என்பது என் எண்ணம்.

அவர் தன் பாஸைக் கூட்டிவந்தால் தடுக்காதீர்கள். நம் ஆளும் அவர் ஆளும் ஒன்றாக நின்று பார்க்கட்டும். இருவருக்கும் ஒத்துவராவிட்டால், முன்பே பேசி வைத்த மூன்றாவது கராஜுக்குப் போங்கள். அங்கே பார்க்கும் காசை யார் கொடுப்பது என்று போகும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

5. எந்த வகை முறைப்பாடு என்று பிரியுங்கள்

பார்த்து முடிந்ததும் கோப்பைத் திறந்து உங்களையே கேட்க வேண்டிய முதல் கேள்வி: நாம் சொன்னதற்கும் இருந்ததற்கும் வித்தியாசம் உண்டா? மீற்றர் குறைக்கப்பட்டது, விபத்தில் அடிபட்டது, வெள்ளத்தில் நின்றது, ஆண்டு வேறு என்பவை இதில் அடங்கும். இந்த வகையில் பேரம் பேச இடமில்லை. நமக்கே தெரியாமல் முந்திய உரிமையாளர் நம்மை ஏமாற்றியிருந்தாலும், வாங்கியவருக்குச் சொன்னது நாம்தான். அவருக்கு நாம் தீர்த்துக் கொடுத்துவிட்டு, நமக்கு விற்றவரிடம் நாம் போக வேண்டும். "எங்களையும் ஏமாத்திட்டாங்க" என்று அவரைத் திருப்பி அனுப்புவது முறையில்லை.

அடுத்தது தேய்மானம்: பிரேக் பாட், பற்றரி, பெல்ற், ரயர். இவை பழைய வாகனத்தில் மாற்றத்தான் வேண்டும். ஆனாலும் எடுத்த சில நாட்களுக்குள் போனால் நல்லெண்ணத்துக்காக ஒரு பங்கைக் கொடுப்பது பல சேல்களின் வழக்கம். உத்தரவாதம் என்று எதைச் சொன்னோமோ அது எழுத்தில் இருந்தால் இங்கே சண்டையே இல்லை.

பயன்பாட்டில் வந்த பிழைகளை, ஒயில் இல்லாமல் ஓடியது, வெள்ளத்தில் இறக்கியது, வேறு கராஜில் வயரை வெட்டியது போன்றவற்றை, ஆதாரத்தோடு மட்டும் சொல்லுங்கள். விலை குறைத்து வாங்கியிருக்கலாமோ என்ற மனவருத்தமும் முறைப்பாட்டு வேடத்தில் வரும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்த காலம் முழுக்க விலைகள் ஏறி இறங்கியதால், இது அடிக்கடி வருகிறது. இதற்கு அனுதாபத்தோடு கேட்பதைத் தவிர மருந்தில்லை. போலியான ஒரு பழுதைக் கண்டுபிடித்து ஈடு கொடுக்கத் தொடங்காதீர்கள்.

பேப்பர் முறைப்பாடுகளுக்குத் தனி வழி.

6. புக், லீசிங் முறைப்பாடுகளை அன்றே எடுங்கள்

வாகனப் பழுதுக்கு இரண்டு நாள் காத்திருப்பவர் புக் விசயத்தில் காத்திருக்க மாட்டார், காத்திருக்கவும் கூடாது. வாங்கிய கார் ரோட்டில் வைத்து பினான்ஸ்காரரால் சீஸ் செய்யப்பட்டால் (பறித்துச் செல்லப்பட்டால்), அதைவிடப் பெரிய அவமானம் அந்தக் குடும்பத்துக்கு இல்லை.

முதலில் புக்கில் முழுமையான உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கணக்கு முடிந்ததற்கான கடிதமும் அந்தப் பெயரை நீக்குவதற்கான பத்திரமும் எங்கே நிற்கின்றன என்று அன்றே அந்த நிறுவனத்தோடு பேசி, வாடிக்கையாளருக்கு முன்னாலேயே விசாரியுங்கள். இந்தச் சிக்கல் வராமல் இருக்க ஒரே வழி, மீதிக் காசை முந்திய உரிமையாளர் கையில் கொடுக்காமல் நேரடியாக லீசிங் நிறுவனத்துக்கே கட்டுவது. கையில் வாங்கியவர் கட்டாமல் விட்ட கதை எல்லா ஊரிலும் உண்டு.

உரிமை மாற்றத்தை விற்ற 14 நாட்களுக்குள் செய்ய வேண்டும் என்பதை விற்கும் நாளிலேயே சொல்லுங்கள். விற்பவர் கையெழுத்திடும் எம்டிஏ 6, வாங்குபவர் கொடுக்கும் எம்டிஏ 8 என்ற இரண்டு படிவங்களையும் சேர்த்து நிரப்பி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அனுப்புங்கள். ஓப்பன் பேப்பரில் (வாங்கியவர் பெயருக்கு மாற்றாமல், பழைய உரிமையாளரின் கையெழுத்தோடு மட்டும்) கை மாறி மாறி வந்த வாகனத்தில், முதல் உரிமையாளர் வெளிநாடு போயிருப்பார், அல்லது காலமாகியிருப்பார். அப்போது வாடிக்கையாளரின் கோபம் முழுக்க நியாயம். விபத்து நடந்தால் காப்புறுதியிலும் சிக்கல், பொலிஸ் தேடிப் போவதும் பழைய உரிமையாளர் வீட்டுக்கு.

பேப்பர் முறைப்பாட்டுக்கு "வரும், வரும்" என்று பதில் சொல்லாதீர்கள். எந்த அலுவலகத்தில், யார் கையெழுத்துக்காக நிற்கிறது, நாம் அடுத்து எப்போது போகிறோம் என்று சொல்லுங்கள். வேலை முடியாவிட்டாலும் சொன்ன நாளில் நீங்களே தொலைபேசி எடுங்கள். அவர் எடுத்துக் கேட்கும் நிலை வந்தால் நம்பிக்கை போய்விடும்.

7. முடிவை ஒரே தடவையில், திகதியோடு சொல்லுங்கள்

முடிவு நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும்: திருத்திக் கொடுப்பது, செலவைப் பங்கிடுவது, திருப்பி எடுப்பது அல்லது மாற்றிக் கொடுப்பது, மறுப்பது. எதுவானாலும் முதலாளியிடம் முன்பே பேசி முடித்துவிட்டு, ஒரே வாயால் சொல்லுங்கள். இன்று பாதி, நாளை முக்கால் என்று ஏறிக்கொண்டே போனால், இன்னும் அழுத்தினால் இன்னும் கிடைக்கும் என்று நாமே கற்றுக்கொடுத்ததாகிவிடும்.

திருத்துவதென்றால் எந்தக் கராஜ், எந்தப் பாகம், புதியதா கழற்றியதா, எந்த நாள் கைக்கு வரும் என்று எழுதுங்கள். அவருக்கு வாகனம் இல்லாமல் முடியாது என்றால் மாற்று வாகனம் ஒன்று கொடுக்க முடியுமா என்று பாருங்கள். அறுவடைக் காலத்தில் வயலுக்குப் போகும் மனிதனுக்கு இரண்டு நாள் வாகனம் இல்லாமல் இருப்பதே ஒரு நட்டம்.

திருப்பி எடுப்பதென்றால் கணக்கை மேசையில் விரியுங்கள். எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கிறது, புதிதாகக் கீறல் உண்டா, அவர் லீசிங் போட்டிருந்தால் அதை இடையில் முடிக்கும் செலவு என்ன, அதை யார் ஏற்பது. பிழை நம்முடையது என்றால் அந்தச் செலவும் நம்முடையதே. அவர் போட்ட பாட்டுச் செற்றையும் சீற் கவரையும் கழற்றிக் கொடுங்கள்.

மறுப்பது கடினமான வேலை. காரணத்தைக் காட்டி மறுங்கள்: கையெழுத்திட்ட தாள், ஸ்கான் படம், கழற்றிய பாகம். "அண்ணே, இது நாங்க எழுதித் தந்த குறை, இந்தா உங்கட கையெழுத்து. இதுக்குக் காசு தர ஏலாது. ஆனா எங்கட கராஜில செய்தா கூலி குறைச்சு எடுத்துத் தரலாம்." இவ்வளவுதான். தத்துவம் பேசாதீர்கள். "முதலே பாத்து எடுத்திருக்கலாமே" என்ற வசனத்தை வாயில் எடுக்கவே வேண்டாம். அது முட்டாள் என்று சொல்வதற்குச் சமம்.

தீர்வு ஏற்றுக்கொள்ளப்பட்டதும் இரண்டு பிரதியில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். காசு கொடுத்தால் ரசீது எடுங்கள்.

8. சில கடினமான ஆட்கள்

வெளிநாட்டில் இருக்கும் அண்ணன்: கட்டாரிலோ இலண்டனிலோ இருந்து காசு அனுப்பியவர் அவர், வாகனத்தை ஓட்டுபவர் தம்பி. தம்பி ஒருவிதமாகச் சொல்லியிருப்பார், அண்ணன் வட்ஸ்அப்பில் வேறுவிதமாகக் கொதிப்பார். குரல் பதிவுக்குக் குரல் பதிவு அனுப்பிச் சண்டை பிடிக்காதீர்கள். தம்பியையும் வாகனத்தையும் வரச் சொல்லி, வீடியோ அழைப்பில் அண்ணனையும் வைத்துக்கொண்டு, ஸ்கான் திரையை நேரில் காட்டுங்கள். காசு கொடுத்தவர் கண்ணால் பார்த்தால் பாதி முடிந்தது.

சத்தம் போடுபவரோடு குரலை உயர்த்தாதீர்கள். குரலை இறக்கிப் பேசினால் கேட்பதற்காக அவரும் இறங்குவார். கை நீட்டினாலோ பொருளை உடைத்தாலோ பேச்சை நிறுத்தி, பொலிஸை அழைப்பேன் என்று ஒரு தடவை சொல்லுங்கள். சொன்னால் செய்ய வேண்டும். பையன்களைக் கூட்டிச் சேர்க்க வேண்டாம். அது தனிமனிதன் பிரச்சினையை இரண்டு ஊர்ப் பிரச்சினையாக மாற்றிவிடும். நம் மாவட்டங்களில் அதன் பாரம் எல்லோருக்கும் தெரியும்.

பேஸ்புக்கில் எழுதியவருக்கு அங்கே நீளமாகப் பதில் எழுதாதீர்கள். "உங்கள் முறைப்பாட்டைப் பார்த்தோம், இன்று அழைக்கிறோம்" என்று ஒரே வரி. பிறகு உண்மையிலேயே அன்று அழையுங்கள். அவருடைய லீசிங் தவணை, வாங்கிய விலை போன்றவற்றைப் பொதுவில் போட்டு அவமானப்படுத்தினால், நியாயம் நம் பக்கம் இருந்தாலும் வாசிப்பவர்கள் நம்மை விட்டுப் போய்விடுவார்கள்.

தீர்ந்த முறைப்பாட்டோடு திரும்பத் திரும்ப வருபவருக்குப் பழைய தீர்வுத் தாளைக் காட்டிவிட்டு, புதிய பிழை என்றால் புதிய தாளில் மூன்றாம் படியிலிருந்து தொடங்குங்கள். எரிச்சலில் பழையதைப் புதியதோடு குழப்பினால் உண்மையான புதுப் பழுது ஒன்றைத் தவறவிடுவோம்.

9. விசயம் வெளியே போனால்

வாடிக்கையாளர் நுகர்வோர் விவகார அதிகார சபைக்குப் போகலாம்; 1977 அதன் அழைப்பு இலக்கம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், வியாபாரி ஒருவர் ஏமாற்றும் விதத்தில் நடப்பதையும் பொய்யான விவரம் சொல்வதையும் தடுக்கிறது. கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருள் பற்றிய முறைப்பாட்டை விற்பனை நடந்து 3 மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. ஆகவே "மூணு மாசம் இழுத்துட்டா தப்பிடலாம்" என்று யோசனை சொல்லும் ஆட்கள் உண்டு. அதைக் கேட்காதீர்கள். இழுக்கப்படுகிறோம் என்று உணர்ந்தவர் அடுத்த நாளே எழுதிக் கொடுப்பார். அதற்குப் பிறகும் நீதிமன்ற வழி அவருக்குத் திறந்துதான் இருக்கும்.

ரசீதில் "உள்ளபடியே விற்பனை" என்று அச்சடித்துவிட்டால் எல்லாப் பொறுப்பும் கழன்றுவிட்டது என்பதும் தவறு. பொய் சொல்லி விற்றதை அந்த வரி மறைக்காது.

சிறு தொகைத் தகராறுகள் இணக்க சபைக்கு வரும். அங்கே சண்டை மனத்தோடு போகாதீர்கள். கோப்பு, முறைப்பாட்டுத் தாள், ஸ்கான் படங்கள், நாம் முன்வைத்த தீர்வு என்று திகதி வரிசையில் அடுக்கிக்கொண்டு போங்கள். நாம் என்ன செய்து தர முன்வந்தோம் என்பது எழுத்தில் இருந்தால் பேச்சு நல்ல இடத்தில் தொடங்கும். அழைப்பு வந்த நாளில் போகாமல் இருப்பது மிகப் பெரிய பிழை. பொலிஸில் முறைப்பாடு பதிந்தாலும் அப்படியே: அழைத்த நேரத்துக்கு, முழுக் கோப்போடு.

10. முடிந்த பிறகு

திருத்திக் கொடுத்து ஒரு வாரம் கழிந்ததும் நீங்களே அழைத்துக் கேளுங்கள். சின்னதாக ஏதாவது மிச்சம் இருந்தால் அப்போதே சொல்லிவிடுவார். இல்லாவிட்டால் அது அவர் மனதில் கிடந்து பெரிதாகும்.

முறைப்பாடுகளுக்கென்று ஒரு கொப்பி வைத்து, வாகனம், ஆண்டு, பிழை, செலவு, அந்த வாகனத்தை நமக்குக் கொண்டுவந்தவர் யார் என்று எழுதுங்கள். கடைசி விவரம்தான் அதிகம் பேசும். ஒரே புரோக்கர் கொண்டுவந்த வாகனங்களில் மீற்றர் முறைப்பாடு இரண்டாவது தடவை வந்தால், அவரிடம் வாங்குவதை நிறுத்துங்கள். ஒரே வகைக் காரில் ஒரே பாகம் திரும்பத் திரும்பப் போனால், அந்தப் பாகத்தை வாங்கும் நாள் சோதனைத் தாளில் புதிய வரியாகச் சேர்த்து, அடுத்த வாகனம் உள்ளே வரும்போது அதையே முதலில் பாருங்கள்.